நடைக் கிராணியார்

வெள்ளிக்கிழமை காலையில் சுங்கை பட்டாணி தாமான் ஜூப்ளி பேராக் பூங்காவுக்குப் போனால் இவரைப் பார்க்கலாம். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. கூட்டம் இருக்கும், கூட்டம் இருந்தால் இவரும் இருப்பார். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் துண்டு, கையில் அடி எண்ணும் கடிகாரம். ரப்பர் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று ஊருக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள்.

இனிப்பு நீர் என்று டாக்டர் சொன்ன அன்று தொடங்கிய நடை இது. அதற்குமுன் இவர் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. பெரட்டில் நின்று பேர் கூப்பிடுவார். பிறகு மோட்டார் சைக்கிளில் காட்டைச் சுற்றுவார். நடந்தவர்கள் வேறு ஆட்கள். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்று இருட்டிலேயே நெரைக்குள் போய், ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம் வெட்டி, மங்கு நிறைந்ததும் வாளியோடு அதே மரங்களை மறுபடி சுற்றி, காண்டா போட்டு ஸ்டோருக்குச் சுமந்தவர்கள். அதை யாரும் வாக்கிங் என்று சொன்னதில்லை.

இவருடைய நடைக்கோ ஆளுக்கொரு பேர். மலாய்க்கார நண்பரிடம் ஜாலான் ஜாலான், சீனத் தவுக்கேயிடம் பிரிஸ்க் வாக்கிங், மனைவியிடம் உடற்பயிற்சி. உலாவப் போவதை மலாயில் மாக்கான் ஆஙின், காற்றைச் சாப்பிடுவது என்பார்கள். இவருக்குக் காற்று மட்டும் பற்றாது. இரண்டு சுற்று முடிந்ததும் கால்கள் தாமாக மாமாக் கடைப் பக்கம் திரும்பும். "தே ஓ கோசோங், சீனியே வேண்டாம்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ரொட்டி சானாய் இரண்டு என்பதை விரலால் மட்டும் காட்டுவார்.

தினம் பத்தாயிரம் அடி இவர் கணக்கு. அது 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்பதற்காகக் கிளப்பிவிட்ட எண். அதனாலென்ன, குறைகிற நாளில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டுவார், கடிகாரம் எண்ணிக்கொள்ளும்.

விடுமுறைக்கு வந்த பேரன் ஒருநாள் பூங்கா பெஞ்சில் வைத்து பேஸ்பால் விளக்கினான். எதிராளி நாலு பந்தைத் தப்பாக வீசிவிட்டால், மட்டைக்காரன் ஒன்றையும் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அதற்கும் வாக் என்றுதான் பேர். கிராணியாருக்கு ஒரே சந்தோஷம்.

"அடிக்காமலே போகலாமா! நல்ல வெளையாட்டா இருக்கே!"

அடுத்த பெஞ்சில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த பழைய பால்வெட்டுப் பாட்டி திரும்பிப் பார்த்தார்.

"தோட்டத்துல முப்பது வருசம் அதத்தானே ஆடுனீங்க, கிராணியாரே."

கிராணியார் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு மூன்றாவது சுற்றும் நடந்தார்.

அவரோடு நடக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். காசு மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பணப்பை கனத்தால் நடை கெடும் என்று அவர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.