மணி அடித்தாச்சு, கேளுங்கள்!

கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம் இடம். மற்றவை அடுத்த வாரம் வரை வராந்தாவில் நிற்கட்டும்.

காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகளுக்கு ஏறுவது பாடமா, உப்புமாவா?
*ஒரு டீ மாஸ்டர், திருமங்கலம்*

முதலில் உப்புமா, பிறகு பாடம். வரிசை மாறினால் இரண்டுமே ஏறாது. அம்மா ஆறு மணிக்கே களையெடுக்கப் போய்விடும் வீட்டில், பிள்ளை சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். மறு ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. உங்கள் கடையில் நடக்கிற அரசியல் ஆராய்ச்சிகூட வடையோடுதானே நடக்கிறது?

சமைக்கிறவர் என்ன சாதி என்று பார்த்து, பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்கிறார்களே?
*ஒரு சத்துணவு உதவியாளர், விளாத்திகுளம்*

2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில் இதே கூத்து நடந்தது. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாரதி பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பந்தி தேவைப்பட்டதே வெட்கக்கேடு. ஐந்து வயசுப் பிள்ளையின் நாக்குக்கு உப்பு தெரியும், உறைப்பு தெரியும். சாதியை வீட்டில்தான் ஊட்டுகிறார்கள். அந்த ஊட்டலை நிறுத்தினால் போதும், தட்டு தானாகக் காலியாகும்.

சத்துணவு யார் கொண்டுவந்தது? காமராஜர் என்கிறார் தாத்தா, எம்.ஜி.ஆர். என்கிறார் மாமா. வீட்டில் தினமும் சண்டை.
*ஏழாம் வகுப்பு மாணவி, துறையூர்*

கண்ணு, இருவருக்கும் நூற்றுக்கு நூறு போடு. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் ஆரம்பித்தார். 1956-ல் காமராஜர் மாநிலத்துக்கே விரித்தார். 1982 ஜூலை 1 அன்று, உங்கள் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989-ல் கருணாநிதி முட்டை வைத்தார். எதிரும் புதிருமாக நின்றவர்கள் ஒரே தட்டில் பரிமாறியது இது ஒன்றுதான். சோறு ஆறுவதற்குள் சண்டையை முடிக்கச் சொல்.

முட்டை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*ஒரு தகப்பனார், அரூர்*

பள்ளி நாள் ஐந்திலும் முட்டை உண்டு. மகனைக் கேளுங்கள். வாய்ப்பாடு மறப்பான், முட்டை மறக்க மாட்டான்.

வகுப்பில் ‘ப’ வடிவத்தில் உட்காரவைக்கச் சொன்னார்களே, நல்ல யோசனையா?
*ஒரு கல்லூரி மாணவர், பெரம்பலூர்*

‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படம் பேசிய விஷயம். 2025 ஜூலையில் நம் பள்ளிக் கல்வித் துறையும் சுற்றறிக்கை விட்டது. கழுத்து வலிக்கும், கண் வலிக்கும் என்று மருத்துவர்கள் சொல்ல, விவாதம் கிளம்பியது. பதினைந்து பிள்ளைகள் உள்ள ஒன்றியப் பள்ளியில் டீச்சரைச் சுற்றித்தான் எப்போதும் உட்காருகிறார்கள். கடைசி பெஞ்சை எடுத்துவிடலாம். டீச்சரின் கண் போகாத பிள்ளை எங்கே உட்கார்ந்தாலும் கடைசி பெஞ்சுதான்.

தண்ணீர் குடிக்க ‘வாட்டர் பெல்’ அடிக்கிறார்கள். என் மகள் மட்டும் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ஏன்?
*ஓர் அம்மா, பரமக்குடி*

கேரளம் 2019-ல் அடித்த மணி, இங்கே 2025 ஜூனில் கேட்டது. நல்ல மணி. ஆனால் மகளிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள், கழிப்பறையைப் பற்றிக் கேளுங்கள். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? சாவி யாரிடம்? குடித்தால் போக வேண்டுமே என்று காலையிலிருந்து உதட்டை மட்டும் நனைக்கும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பள்ளிகளில் உண்டு. மணி அடிப்பவர் கையில் அந்தச் சாவியையும் கொடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு மகளுக்குக் கொடுத்த சைக்கிளில் அவள் அண்ணன் ஊர் சுற்றுகிறான். என்ன செய்ய?
*ஒரு விவசாயி, கள்ளக்குறிச்சி*

இலவச சைக்கிள் திட்டம் முதலில் வந்ததே பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான். பஸ் வராத ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்களின் கதையை உங்கள் வீட்டுப் பெரியம்மா சொல்லுவார். சைக்கிள் சாவியை மகள் கையில் கொடுங்கள். அண்ணனுக்குத்தான் கடவுள் இரண்டு கால் கொடுத்திருக்கிறாரே.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். இது சட்டப்படி சரியா?
*ஒரு கொத்தனார், திருப்பத்தூர்*

சரிதான், அதுதான் வேதனை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தி, நடுவில் அழுகிற பிள்ளைக்கு மூக்கும் துடைக்க வேண்டும். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. வகுப்புக்கு ஒருவர் என்று கேட்பது பேராசை அல்ல.

டீச்சர் பாதி நாள் பள்ளியில் இல்லை. கேட்டால் வாக்காளர் பட்டியல் வேலை என்கிறார்கள்.
*ஒரு பாட்டி, மேலூர்*

டீச்சரைத் திட்டாதீர்கள் ஆத்தா. கல்வி உரிமைச் சட்டம் 27-ஆவது பிரிவு மூன்று வேலைகளுக்கு மட்டும் ஆசிரியரை வெளியே அனுப்பலாம் என்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தது, அவர் படிவத்தோடு வீடு வீடாக ஏறினார். கூடவே கணினியில் ஏற்ற வேண்டிய ‘எமிஸ்’ விவரங்கள். நாட்டில் யாரை எண்ண வேண்டுமென்றாலும் எண்ணத் தெரிந்தவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எண்ணக் கற்க வேண்டிய பிள்ளை வகுப்பில் காத்திருக்கிறது.

இருபது வருஷம் பாடம் நடத்திய எனக்கு இனி தகுதித் தேர்வாம். நியாயமா?
*ஓர் ஆசிரியை, கோவில்பட்டி*

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்களுக்கு விலக்கு, பதவி உயர்வு மட்டும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்தபோது இல்லாத விதி பின்னால் வந்து கதவைத் தட்டும்போது வலிக்கத்தான் செய்யும். உங்கள் அனுபவத்துக்கு அரசு துணை நிற்க வேண்டும். ஆனாலும் படியுங்கள் டீச்சர். உங்களிடம் படித்த பிள்ளை ஒன்று பழைய வினாத்தாளோடு வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும், பாருங்கள்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தாமே! ஜாலியா?
*பிளஸ் ஒன் மாணவன், பேராவூரணி*

தம்பி, 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அப்படித்தான் சொல்கிறது. 2017-18-ல் வந்த தேர்வு 2025-26-ல் போனது. தேர்வுதான் போனது, பாடம் அங்கேயே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதித்தவன் நீட் தேர்விலும் கல்லூரி முதல் வருஷத்திலும் வந்து விழுவான். விழுகிற இடத்தில் மெத்தை இருக்காது.

பொதுத்தேர்வில் முதலிடம் பெரிய நகரங்களுக்குத்தானே?
*ஒரு வாசகர், சென்னை*

2025 பிளஸ் டூ தேர்வில் முதலிடம் அரியலூர், 98.82 சதவீதம். அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் முதலிடம் சிவகங்கை, 98.31. ஒன்று சுண்ணாம்புக்கல் பூமி, இன்னொன்று கண்மாயை நம்பி வாழும் பூமி. டியூஷன் சென்டர் பலகையை வைத்து ஊரை எடை போடாதீர்கள்.

வேன் வாசலுக்கே வருகிறது, இங்கிலீஷ் மீடியம் வேறு. தனியார் பள்ளிக்கு அனுப்பினால் என்ன தப்பு?
*ஒரு பெற்றோர், சங்கரன்கோவில்*

தப்பில்லை. ஆனால் முதலில் உள்ளூர்ப் பள்ளிக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழி வகுப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, உங்களுக்குப் பக்கத்துச் செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன், குமரி மாவட்டக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவர். வேன் வாசலுக்கு வந்தால் டிரைவர் நல்லவர் என்று அர்த்தம். பள்ளி நல்லதா என்பதை இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

டெல்லி பணம் தரவில்லை என்கிறார்கள், சென்னை கையெழுத்துப் போடவில்லை என்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சீர்காழி*

பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்று சொல்லி, 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதியில் சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைச் சண்டையை நூறு வருஷம் வேண்டுமானாலும் போடலாம். இரண்டாம் வகுப்பு ஒரு வருஷம்தான் இருக்கும். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சண்டை போடுவதுதான் நியாயம்.

“கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க” என்று வாத்தியாரிடம் சொல்லித்தான் என் அப்பா என்னைச் சேர்த்தார். நானும் சொல்லலாமா?
*ஒரு லாரி ஓட்டுநர், நாமக்கல்*

சொல்லாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு அடியையும் தடை செய்கிறது, மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. உங்கள் முதுகுக்கு அந்தப் பிரம்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் நடத்திய பாடம் ஞாபகம் இருக்கிறதா?

பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு. பக்தியா, ஃபேஷனா?
*ஒரு கடைக்காரர், திருநெல்வேலி*

பல இடங்களில் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது: வண்ணக் கயிறு, மோதிரம், சாதி அடையாளம் எதுவும் பள்ளிக்குள் கூடாது. வெட்டுப்பட்ட அந்தப் பிள்ளை அதற்குள் பிளஸ் டூ எழுதி 600-க்கு 469 எடுத்துவிட்டான். கயிறு விற்கும் கடை உங்களுடையது என்றால், பேனா விற்பனைக்கு மாறுங்கள்.

ஓடு உடைந்து மழை உள்ளே கொட்டுகிறது. பொங்கல் கழியட்டும் என்கிறார்கள்.
*ஓர் இளைஞர், வேதாரண்யம்*

கூரை நாள் நட்சத்திரம் பார்த்து விழாது. 2004 ஜூலை 16, கும்பகோணம், பள்ளித் தீயில் பறிபோன 94 பிள்ளைகள். அந்தத் தீக்குப் பிறகும் கூரை விஷயத்தில் தள்ளிப்போட எவருக்கும் உரிமை இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. தீர்மானம் எழுதச் சொல்லி, நகலைக் கையோடு வாங்குங்கள். அதுவரை பிள்ளைகளை அந்த அறையில் உட்காரவைக்காதீர்கள்.

ஆண்டு விழாவில் பிரமுகர்களின் பேச்சைச் சுருக்க வழி உண்டா?
*ஓர் உதவித் தலைமையாசிரியர், ஆத்தூர்*

பாரதியார் வேஷம் போட்ட மூன்றாம் வகுப்புப் பையனை மைக் பக்கத்திலேயே நிறுத்துங்கள். நாலரைக்கு ஒட்டிய மீசை, ஏழு மணிக்கு வியர்வையில் ஒரு பக்கம் தொங்க ஆரம்பிக்கும். மீசை விழுவதற்குள் பேச்சு முடிய வேண்டும் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். நோட்டைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போம்மா என்கிறார்கள்.
*ஓர் அம்மா, ஒட்டன்சத்திரம்*

போகாதீர்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதே உங்கள் வேலை. தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு பேனாவைத் திறங்கள். மகளிர் குழுவில் பத்து ரூபாய் குறைந்தால் நோட்டைப் புரட்டிக் கணக்குக் கேட்கிறீர்களே, அதே குரலில் இங்கேயும் கேளுங்கள்.

படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசை. கோடீஸ்வரனாக இருந்தால்தான் முடியுமா?
*ஒரு முன்னாள் மாணவர், சிங்கப்பூர்*

மதுரை யா. கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மாள், வங்கி ஊழியர். மகளின் நினைவாக, சுமார் ஏழு கோடி ரூபாய் பெறும் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர்ப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. 2024 குடியரசு தினத்தில் அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. உங்களிடம் ஏக்கர் கேட்கவில்லை. ஊருக்கு வரும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இந்த ஊரிலிருந்து எந்த வழியாக வெளியே போனீர்கள் என்று சொல்லுங்கள். அந்த வழி அவர்களுக்கு வேறு யாரும் காட்டாதது.

எங்கள் பள்ளியில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். மூடிவிடுவார்களோ என்று பயம். கலெக்டருக்கு மனு எழுதலாமா?
*ஊர் மக்கள், ஒரு மலையடிவாரக் கிராமம்*

எழுதுங்கள். எழுதிய கையோடு, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை டவுன் வேனில் ஏறுகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பிள்ளைகளை ஜூன் மாதம் இங்கே சேருங்கள். மனு சேர்ந்தால் ஃபைல் தடிக்கும், பிள்ளை சேர்ந்தால்தான் பள்ளி தடிக்கும்.