புதுப்பிக்காதிருக்கும் கலை: முகவர் நிலையத்துக்கு ஒரு விண்ணப்பம்

இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் மகாகனம் பொருந்திய பணிப்பாளர் சபையினர் சமூகத்துக்கு,

கண்டிக் கச்சேரியின் வாங்குகளில் காத்திருந்தே பொறுமை என்னும் புண்ணியத்தைச் சம்பாதித்துக்கொண்ட சாதாரணப் பிரஜை ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது யாதெனில்:

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர், தாம் ‘பிளகின்’ என்றழைக்கும் மாதிரிச் செருகுநிரல் ஒன்றை அடியேனுக்குக் காட்டினார். ஒரு நிரல்திட்டம் பிறர் எழுதிய எந்தெந்த லைப்ரரிகளை நம்பி நிற்கிறதென்று பட்டியலை வாசித்து, எதற்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதென்று தானே விசாரித்து, பதிப்பிலக்கத்தை மாற்றி, சோதனைகளை ஓட்டிப் பார்த்து, “சம்மதமாயின் சேர்த்துக்கொள்க” என்று உரியவர் முன் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே அதன் தொழில். 2017இல் தோன்றிய டிபெண்டபொட், ரெனவேட் என்னும் புதுப்பிப்புத் தானியங்கிகளின் வழிவந்த இந்த யந்திரம் லீவு கேட்பதில்லை. “சேர் மீட்டிங்கில் இருக்கிறார்” என்று சொல்லவும் அறியாது.

இத்தகைய அவசரப் பிராணி நம் நிர்வாக சம்பிரதாயத்துக்கு ஒவ்வாது என்பதே அடியேனின் அபிப்பிராயம். 2014இல் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்புக்கு மாறிய அரச மின்னஞ்சலை 2021 முதலே புதுப்பிக்க உத்தேசித்தும், நிதிப் பற்றாக்குறையையும் முந்தைய சபைத் தீர்மானங்களையும் முன்னிட்டு ஒத்திவைத்து, அப்பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11இல் நிறுத்திய பின்னரும் சலனமின்றி வீற்றிருந்த தங்கள் நிதானத்தை எந்த யந்திரம் கற்கும்? அவ்வாண்டு ஆகஸ்டில், கண்டி வீதிகளில் எசல பெரஹரா சென்றுகொண்டிருந்த நாட்களில், கப்பம் கோரும் ரென்சம்வெயார் புகுந்து, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களை, அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட, சுமார் 5000 முகவரிகளிலிருந்து விழுங்கிற்று. அக்காலத்துக்கு வலையமைப்பிலிருந்து தனித்த காப்புப்பிரதி இல்லாமையால், தேடியெடுக்கும் சிரமமும் தங்களுக்கு மிச்சமாயிற்று.

அஞ்சல் வழங்கி வேறு, நிரல்திட்டம் வேறு, இந்தச் செருகுநிரல் எக்ஸ்சேஞ்சைத் தொடாது என்று தங்கள் நிபுணர்கள் ஆட்சேபிக்கக்கூடும், நியாயமே. ஆனால், ‘பிறகு பார்க்கலாம்’ என்னும் வியாதி இரண்டுக்கும் பொது. 2021 டிசம்பரில் லொக்4ஜே என்னும் லைப்ரரியில் பாரதூரமான ஓட்டை வெளிப்பட்டபோது, அதனை ஆக்கியோர் அம்மாதத்திலேயே நான்கு திருத்தப் பதிப்புகளை வெளியிட்டனர். நம் வழக்கப்படி முதலாவதற்கான கோப்பு திறைசேரியை அடையுமுன் மூன்றாவது பழசாகியிருக்கும்.

ஆதலின், மாணவரின் செருகுநிரலைத் தேசிய மரபுக்கேற்பத் திருத்தியருள வேண்டும். ஒவ்வொரு புதுப்பித்தலும் மும்மொழிகளிலும் மும்மூன்று பிரதிகளாய் அச்சாகி, இறப்பர் முத்திரை பெற்று, இலவசப் பதிப்பாயினும் குறைந்தது மூன்று விலைமனுக்களுடன் உபகுழுவுக்குச் செல்லட்டும். உபகுழு கூடும் தேதியை மட்டும் எக்காரணங்கொண்டும் தானியங்கியிடம் ஒப்படைத்துவிட வேண்டாம், அது உண்மையாகவே கூட்டிவிடும்.

பரிகாசம் போதும். யந்திரம் நினைவூட்டட்டும், வந்ததையெல்லாம் கண்மூடி ஏற்காமல், பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் சோதித்துச் சம்மதிக்கட்டும், காப்புப்பிரதி வலையமைப்புக்கு அப்பால், தனியே பத்திரமாயிருக்கட்டும். அரசின் கடிதங்கள் குடிமக்களின் சொத்து. அவற்றைக் காக்கும் இம்மூன்று காரியங்களுக்கும் அடுத்த சபைக் கூட்டத்திலேயே அனுமதி வழங்கி, அனுமதித்த தேதியைப் பகிரங்கமாய் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கண்டிவாசி ஒருவன்