ஜேப்படிக்குச் சொல் உண்டு

ஹங்கேரியில் ஒரு காலத்தில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தால் மட்டும் பட்டம் கைக்கு வராது. வெளிநாட்டு மொழி ஒன்றில் தேர்வு எழுதிச் சான்றும் காட்ட வேண்டும். காட்ட முடியாததால் பட்டத்தை வாங்காமலே நின்றவர்கள் பல்லாயிரம் பேர். 2020இல் கொரோனாவைச் சாக்கிட்டு அவர்களை மன்னித்துவிட்டார்கள். அந்தத் தேர்வுக்குப் பிள்ளைகள் உருப்போடும் பாடங்களில் ஒன்று, குற்றமும் தண்டனையும். இடப்பக்கம் ஆங்கிலம். வலப்பக்கம் ஹங்கேரியன்.

தெஃப்ட் என்றால் லோபாஷ். ராபரி என்றால் ரப்லாஷ். பர்க்லரி என்றால் பெத்தோரேஷ், அதாவது உடைத்துக்கொண்டு உள்ளே போவது. பிக்பாக்கெட் என்றால் ஜெப்தொல்வாய். இதில் வரும் ஜெப் வேறொன்றுமில்லை, நம் ஜேப்புதான். பிறப்பால் அரபுச் சொல். துருக்கியர்கள் புடா நகரை ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட காலத்து மிச்சமாக அங்கே தங்கிவிட்டது. நம்மிடம் உருதுக்காரர்கள் வழியாக வந்தது. ஆக, அவர்கள் சட்டைப்பைக்கும் நம் சட்டைப்பைக்கும் பெயர் ஒன்றே. உள்ளே கை விடுகிறவனைத் திட்டத்தான் தனித்தனிச் சொல்.

பட்டியலைக் குறை சொல்வதற்கில்லை. கடையில் சோப்பு திருடுகிறவன், சைக்கிள் திருடுகிறவன், இரவில் வழிமறித்துப் பர்ஸ் பிடுங்குகிறவன், ஒருவனும் விடுபடவில்லை. சின்னத் திருடனுக்கு இரண்டு மொழிகளிலும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இப்படியொரு சமூக நீதி வேறெங்கும் கிடைக்காது.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். பூன். பாவத்துக்கும் அதுதான், குற்றத்துக்கும் அதுதான். ஆங்கிலேயன் இரண்டாகப் பிரித்து ஒன்றைப் பாதிரியாரிடமும் மற்றதைப் போலீசிடமும் கொடுத்தான். ஹங்கேரியர்கள் பிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்துக்கு வேண்டும்போது மட்டும் பின்னால் ஒரு வால் சேர்த்துக்கொள்வார்கள்: பூன்செலெக்மேன். பாவச் செயல். இந்தச் சொல்லை மனதில் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் காணாமல் போகப் போகிறது.

தேர்வுப் பட்டியலை மூடிவிட்டு மதுக்கடைக்குப் போனால் வேறு அகராதி திறக்கும். லஞ்சத்துக்குச் சட்டம் வைத்த பெயர் ஒன்று. ஜனம் வைத்த பெயர் பல. கெனோபேன்ஸ், தடவுகிற பணம். சூசோபேன்ஸ், வழுக்கிக்கொண்டு போகிற பணம். ஹாலாபேன்ஸ், நன்றிப் பணம். இந்த மூன்றாவது, டாக்டருக்குக் கவரில் வைத்துக் கொடுப்பது. ஆப்பரேஷன் முடிந்து, பிழைத்து, வீடு திரும்பியபின் சொல்லவேண்டிய நன்றியை மயக்க ஊசிக்கு முன்பே செலுத்திவிடும் பண்பாடு. கம்யூனிஸ்ட் ஆட்சி போயும் கவர் போகவில்லை. 2021 ஜனவரியில்தான் அதைக் குற்றமாக்கினார்கள். கவரை வாங்கும் டாக்டரும் குற்றவாளி, நீட்டும் நோயாளியும் குற்றவாளி. சபாஷ். பூன்செலெக்மேனுக்கு ஓர் ஆள் சிக்கினான்: வயிற்று வலிக்காரன்.

உரம்பாட்யாம் என்று ஒரு சொல். "என் ஐயா, என் அண்ணா" என்று குழைவதை ஒட்டவைத்தது. சலுகையால் நடக்கும் நிர்வாகத்துக்கு அதுதான் பெயர். ஷோகோர்-கோமா என்று இன்னொன்று. மைத்துனனும், பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவனும். முட்யி என்றால் நாலு பேர் கூடி, ஐந்தாவது ஆளின் பணத்தைப் பங்கு போடுவது. ஐந்தாவது ஆள் யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஷ்ட்ரோமான் என்றால் வைக்கோல் மனிதன். நம் பினாமிக்குப் பெயர்தான் இல்லை. அவர்களுடைய ஆளுக்கு உடம்பே இல்லை.

இவற்றுக்கெல்லாம் நேரான ஆங்கிலச் சொல் தேடி மொழிபெயர்ப்பாளர்கள் திண்டாடுகிறார்கள். அது பெரிய விஷயமில்லை. ஹங்கேரிய சர்க்கார் வக்கீல்களுக்கும் நேரான ஹங்கேரியச் சொல் கிடைக்கவில்லை. அதுதான் விஷயம்.

மைத்துனனுக்குச் சொல் வைத்தவர்கள் மருமகனுக்கு வைக்க மறந்துவிட்டார்கள். எலியோஸ் என்று ஒரு நிறுவனம். அப்போது பிரதமராக இருந்த விக்டர் ஓர்பானின் மருமகன் இஷ்த்வான் திபோர்ட்ஸ் 2015 வரை அதில் பங்குதாரர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் ஊர் ஊராகத் தெருவிளக்கு மாட்டினார்கள். பழைய விளக்கே தேவலை, புதியது மங்கல் என்று சில ஊர்களில் ஜனம் முணுமுணுத்தது. ஒன்றியத்தின் மோசடித் தடுப்பு அலுவலகமான ஓலாஃப் வந்து 35 திட்டங்களைத் துருவியது. பெரும்பாலானவற்றில் கடுமையான முறைகேடு, நலன் முரண்பாடு என்று எழுதியது. 4 கோடி யூரோவுக்கு மேல் திரும்ப வாங்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

ஹங்கேரிய போலீஸ் விசாரித்தது. 2018 நவம்பரில் கோப்பை மூடியது. காரணம்: "குற்றம் இல்லாமையால்."

காணாமல் போனதா? கண்டுபிடிக்கப் போனவர்களே குற்றத்தைக் காணோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐரோப்பா பணத்தைக் கேட்குமே? கேட்க வழியில்லை. அந்த பில்களை அரசு ஒன்றியத்திடமிருந்து விலக்கிக்கொண்டு தன் கஜானாவிலேயே கணக்கு முடித்தது. கஜானா என்றால் ஐந்தாவது ஆள்.

இதையெல்லாம் கேள்வி கேட்கவேண்டிய தலைமை அரசு வழக்கறிஞர் நாற்காலியில் 2010 முதல் 2025 வரை இருந்தவர் பேத்தர் போல்த். ஒரு காலத்தில் ஓர்பானின் ஃபிதெஸ் கட்சி உறுப்பினர். நாற்காலியை விட்டு இறங்கினார் என்று சந்தோஷப்படாதீர்கள். அரசியல் சாசன நீதிமன்றத்தின் தலைவராக ஏறினார்.

அகராதிக்காரர்கள் குறித்துவைக்க வேண்டிய வரி இன்னொன்றும் உண்டு. மத்திய வங்கி தன் பணத்தில் 20,000 கோடி ஃபோரிண்டுக்கு மேல் எடுத்துத் தானே தொடங்கிய அறக்கட்டளைகளில் போட்டது. கணக்கைக் காட்டு என்றார்கள். 2016இல் ஆளுங்கட்சியிலிருந்து பதில் வந்தது. அறக்கட்டளைக்குள் போன பணம் "பொதுப்பணத் தன்மையை இழந்துவிடுகிறது" என்றார்கள். பால் தயிராவதுபோல. உங்கள் வரிப்பணம் ஒரு வாசலைத் தாண்டியதும் உங்களை மறந்துவிடும். அதற்காகக் கொண்டுவந்த சட்டத்தை அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. அது போல்த் வருவதற்கு ஒன்பது ஆண்டு முந்தைய கதை. 2025இல் அரசுத் தணிக்கை அலுவலகமே அந்த அறக்கட்டளைப் பணத்தைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தது. பணம் பழையபடி பொதுப்பணமானது. பணம்தான் பழையபடி இல்லை.

நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். ஓர்பான் வளர்ந்த ஃபெல்சூத் கிராமத்தில் கேஸ் குழாய் பொருத்தியவர் லோரின்ட்ஸ் மேசாரோஷ். நாட்டின் முதல் பணக்காரர் ஆனார். எப்படி என்று கேட்டபோது கடவுளையும் அதிர்ஷ்டத்தையும் ஓர்பானையும் வரிசையாகச் சொன்னார். ஒளிவு மறைவு இல்லை. முதல் இரண்டு பேர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை. அதே கிராமத்தில் சுமார் 1,800 பேர் வசிக்கிறார்கள். கால்பந்து மைதானத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கைகள். ஆளுக்கு இரண்டு. காலை நீட்டிக்கொள்ளலாம்.

சட்டம் தூங்கிவிட்டது என்று நினைக்கவேண்டாம். புதுச் சொல் தேவைப்பட்டால் ராத்திரியோடு ராத்திரியாக உண்டாக்கும். 2020இல் கொரோனா நேரத்தில் வதந்தி பரப்புதலுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று திருத்தினார்கள். அரசை விமர்சித்து ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு முதியவர் வீட்டுக் கதவை விடியற்காலையில் தட்டினார்கள். சில மணி நேரம் கழித்து விட்டுவிட்டார்கள். கோடிகளைத் தேடிக் கிளம்பாத வண்டிக்கு, நாலு வரி எழுதியவர் வீட்டுக்கு வழி தெரிந்திருந்தது.

அதற்கு முன் 2018இல் அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். வீடில்லாதவர்கள் தெருவில் வாழக்கூடாது. அதற்குச் சட்டம் சூட்டிய பெயர், "வாழ்க்கைமுறையாகப் பொது இடத்தில் தங்குதல்". எவ்வளவு நுட்பம் பாருங்கள். முட்யிக்குக் கிடைக்காத சொல், மருமகனுக்குக் கிடைக்காத சொல், போர்வைக்காரனுக்கு ஒரு முழ நீளத்தில் கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. விளக்குக் கோப்பை மூடியது நவம்பரில்.

எலியோஸ் மாட்டிய விளக்கின் அடியில் யாராவது படுத்திருந்தால் எழுந்துவிடுவது நல்லது. வெளிச்சம் மங்கல்தான். ஆனாலும் உங்களைப் பார்க்க அது போதும்.