சுழல்பாதைக் காப்பியும் விடை இலக்கணமும்: ஒரு முன்னாய்வு

ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டார். நால்வர் பதில் சொல்கிறார்கள். முதலில் வந்த பதிலை முதலில் வைப்பதா, கடைசியில் வந்ததை முதலில் வைப்பதா? நான்காமவர் சொன்ன பதில் முதலாமவருக்கா, மூன்றாமவருக்கா? மனிதன் பேசத் தொடங்கிய நாள்முதல் தீராத இச்சிக்கலைத் திருவனந்தபுரத்தைக் களமாகக் கொண்டு அணுகுகிறது இக்கட்டுரை. சாலைக் கடைத்தெரு, கரமனை அக்கிரகாரத் திண்ணைகள், தலைமைச் செயலக வாசலின் சத்தியாகிரகப் பந்தல் ஆகியவை, ஆய்வாளருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமையால், களத்திலிருந்து விலக்கப்பட்டன.

முன்னோர் ஆய்வுகள். தொல்காப்பியம் கேள்வியும் பதிலும் வழுவாமல் இருக்கவேண்டும் என்று கிளவியாக்கத்தில் விதித்தது. விதித்த நூலுக்கே அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அகத்தியரின் கோபத்துக்கு அஞ்சிய அதங்கோட்டாசான், அரங்கேற்றத்தில் தொல்காப்பியர் சொன்னதற்கெல்லாம் குற்றம் சொன்னார் என்கிறது நச்சினார்க்கினியர் உரை. நூலைப் படித்துத் தோன்றிய குற்றங்கள் அல்ல, மூன்றாம் ஒருவருக்காகச் சொல்லப்பட்டவை. மதிப்புரைக் கலையின் தோற்றம் இதுவே. அவருடைய ஊராகச் சொல்லப்படும் அதங்கோடு, 1956 வரை திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்த பகுதி என்பதால், நம் களத்துக்கு இதில் மண்ணின் உரிமை உண்டு.

நன்னூல் விடையை எட்டாகப் பகுத்தது. அதன் ஆசிரியர் பவணந்தியார் காலத்தில் காப்பிக்கடை இல்லாத குறையை இங்கே நீக்குவோம். வினா ஒன்றே: “பில்லை நீர் குடுக்கேரா ஓய்?” சுட்டு விடை: பக்கத்தில் இருப்பவரை நோக்கி ஒரு விரல். மறை: “மாட்டேன்.” ஏவல்: “நீரே குடும்.” வினா எதிர் வினாதல்: “நேத்தைக்கு யாரு குடுத்தா?” உற்றது உரைத்தல்: “பர்ஸ வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.” உறுவது கூறல்: “குடுத்தா பஸ்ஸுக்குக் காசு இருக்காது.” இனமொழி: “வெத்தல பாக்கு நான் வாங்குதேன்.” உடன்பட்டுச் சொல்லும் நேர்விடைக்கு மட்டும் இதுவரை சான்று கிட்டவில்லை. அது ஏட்டுப் பிழையாக இருக்கலாம் (காண்க: காப்பி பில், பின்புறம், இரண்டாம் வரி).

காட்சி அமைப்பு. 1917இல் பர்மிங்காமில் பிறந்து 2007இல் இவ்வூரிலேயே மறைந்த லாரி பேக்கர், தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டி இந்தியன் காஃபி ஹவுஸுக்கு ஒரு கட்டடம் செய்தார். உள்ளே மாடிப்படி இல்லை, தளமும் இல்லை. ஒரே சாய்தரை சுற்றிச் சுற்றி மேலே போகிறது. துளை விட்டுக் கட்டிய செங்கல் சுவரை ஒட்டி மேசைகள் நிலையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மலிவாகவும் காற்றோட்டமாகவும் கட்டுவதில் பெயர்பெற்றவர் என்றுதான் பேக்கரை உலகம் அறியும். கருத்துகளை வரிசைப்படுத்துவதற்கு மனிதன் கண்ட ஆகச்சிறந்த கருவியை அவர் செய்தார் என்பதைக் கட்டடக்கலையாளர்கள் கவனிக்கவில்லை. அவர்கள் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் கீழ் மேசையைப் பிடிக்கிறார், பிந்தி வந்தவர் ஏறுகிறார். ஆகவே கீழிருந்து மேலே நடப்பவருக்குப் பழையது முதலில், மேலிருந்து இறங்குபவருக்குப் புதியது முதலில். சுவரின் வளைவு காரணமாக எந்த இடத்திலிருந்தும் சில மேசைகளே கண்ணில் படும். மீதியைக் காண நடக்கவேண்டும். இரு வரிசைகளையும் நாள்தோறும் முழுதாகக் கடப்பவர், விசிறித் தலைப்பாகை அணிந்த பரிமாறுபவர் ஒருவரே. அவர் எந்தக் கருத்துக்கும் பதில் சொல்வதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள காரண காரியத் தொடர்பு ஆராயத்தக்கது. மேலும், மேல் மேசைக் கருத்து சரிவில் தானே இறங்கிவிடும், கீழ் மேசைப் பதிலோ மூச்சிரைக்க ஏறவேண்டும் (மேற்படி பில், காப்பிக் கறைக்கு வலப்பக்கம், ஒப்புநோக்குக: அதே இடத்தில் சுண்ணாம்பு விரலால் செய்யப்பட்ட திருத்தம்).

சட்டசபை. 1888இலேயே சட்டமன்றம் கண்ட ஊர் இது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு வாய்மொழி விடை, குறியில்லாததற்கு எழுத்து விடை. விதி தெளிவாக இருப்பதால் ஆய்வுக்கு உதவாது.

மறுமொழி இணைப்பு. இங்கே நாம் கிழக்கேகோட்டைக்குப் போகவேண்டும். பத்மநாபசுவாமி கோயில் எதிரே, கருவேலப்புரை மாளிகை உச்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. தாடி வைத்த ஒரு முகம், இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். இயங்கும்போது, மணிக்கு மணி முகம் வாயைத் திறக்கும், கடாக்கள் இரு கன்னத்திலும் முட்டும்.

இதைப் பற்றி மூன்று கொள்கைகள் உள. வாய் திறப்பதே கருத்து, முட்டுவதே மறுமொழி என்பது மூத்த கொள்கை. முட்டியதால்தான் வாய் திறக்கிறது, ஆகவே மறுமொழி கருத்துக்கு முந்தியது என்பர் புதியோர். அது வெறும் கொட்டாவி என்பது மூன்றாவது, இதற்கு ஆதரவு பெருகிவருகிறது. மூன்றுமே மூலச் சிக்கலைத் தொடவில்லை. இடக்கடா முட்டுவது முகத்தையா, வலக்கடாவையா? நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் ஒரு கடாவின் கொம்பு மற்றதன் கொம்பைத்தான் குறிவைக்கிறது. முகம் நடுவில் அகப்பட்டுக்கொண்ட விவாதப் பொருள். எனவேதான் இத்தனை முட்டலுக்குப் பின்னும் கடாக்களுக்குக் காயமில்லை. அடுத்த மணியில் அதே கடாக்கள் அதே கன்னத்தில் அதே கோணத்தில் முட்டும். புதிய வாதம் ஒன்றுகூடச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. கருத்தரங்குகளுக்குப் பயணப்படி வாங்கிப் போய்வந்தவர்கள் இந்த இயந்திரத்தை விளக்கமில்லாமலே புரிந்துகொள்வார்கள் (காண்க: பேருந்துச் சீட்டு, தம்பானூர் – கிழக்கேகோட்டை, கிழிந்த பாதி, பென்சில் குறிப்பு, கிழியாத பாதியின் பாடபேதம் நடத்துநர் வசம் இருப்பதாகக் கேள்வி, அதைக் கண்டதாகச் சொல்பவர் கண்ணாடி அணிந்திருக்கவில்லை).

விவாதத்தைப் பூட்டும் காலம். தமிழ்ப் பேரகராதிப் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை இவ்வூரில் வழக்கறிஞராகவும், பின்னர் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும் இருந்தவர். பழைய நூல்களின் காலத்தைப் பல நூற்றாண்டு பின்னே தள்ளினார். 1956இல் மறைந்தார். அவருக்கான பதில்கள் இன்றும் அச்சேறுகின்றன. பதில் எழுதுபவர்களில் அவரைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்பது ஆய்வறம் அன்று. ஒருதரப்பு இல்லாமற்போவது விவாதத்தை முடிக்காது என்பது மட்டும் உறுதி. எளிமையாக்குகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இக்கட்டுரையின் முன்வரைவு அறிஞர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. நன்னூல் பற்றியோ சுழல்பாதை பற்றியோ அவருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பேருந்துச் சீட்டைப் பற்றி மட்டும், இக்கட்டுரையைவிட நீளமான மறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டை நடக்கும் தூரம். அதற்குச் சீட்டு எடுப்பார் இல்லை. எனவே சீட்டு போலி. எனவே பென்சில் குறிப்பு இடைச்செருகல். எனவே கடா ஒன்றே. இதற்கு மறுப்பு தயாராகிவருகிறது. அதன் முதல் நூறு பக்கங்கள் நடத்துநரின் கையெழுத்தை ஆராய்கின்றன.