கிளம்பாமை இயல்

டேங்கில் பெட்ரோல் இல்லாமல் வண்டி நிற்பதை ஆராய வேண்டியதில்லை, அது வறுமை. பெட்ரோல் மிகுந்து நிற்பதே ஆய்வுக்குரியது. இப்பொருளில் முன்னோர் எவரும் நூல் செய்யாமையின், நைனார்பாளையம் பேருந்து நிறுத்தத்தில் சித்திரை வெயிலில் எண்ணி 40 உதை உதைத்ததையே தகுதியாகக் கொண்டு யான் துணிந்தேன்.

முதற்கண் ஊர்ப்பெயர். சொல்லாராய்ச்சி இல்லாத கட்டுரையை எவரும் மதிப்பதில்லை. 'நயினார்' என்பது தமிழ்ச் சமணர் தாங்கும் பட்டம். அவர்கள் விரதம் ஐந்தில் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. சின்னசேலம் வட்டத்து இவ்வூருக்குப் பெயர் அப்படித்தான் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்த விரதத்தை டேங்குக்கும் நீட்டியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

அடுத்து மூலபாடம். 'ஃபுல் பண்ணுப்பா' என்பது பொதுப்பாடம். 'கழுத்துமட்டும் விடுப்பா' என்பது கல்வராயன்மலை ஏறுவோர் பாடம். வெள்ளிமலைக்குப் போகும் வளைவுகளில் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்ற அச்சம் பற்றி வந்தது. மூன்றாவது பாடமே கொடியது: 'ரவுண்டா போட்டுடு.'

கன் 'டக்'கென்று தானே நின்றபோது மீட்டரில் 863 ரூபாய். 900 ஆக்கச் சொன்னேன். லிட்டர் நூறு ரூபாய்ச் சுமாருக்கு விற்கையில் 37 ரூபாய் என்பது மூன்றில் ஒரு லிட்டருக்கும் மேல். பங்க் தம்பி கன்னைத் தூக்கிப் பிடித்து, நுரை அடங்கும்வரை நின்று, மறுபடி சொட்டுச் சொட்டாக விட்டான். பெட்ரோல் வாய்வரை வந்து கண்ணாடிபோல் தளும்பியது. ஒரே ஒரு சொட்டு டேங்கின் மேல் வழிந்து, துடைக்கக் கை போவதற்குள் காய்ந்துவிட்டது. சில்லறைத் தட்டுப்பாட்டால்தான் ரவுண்டாக்குகிறோம் என்பர் ஒருசாரார். அன்று நான் பணம் கட்டியது செல்போனில். ஆகவே அது பொருந்தாது என்க.

இனிக் காரணம். பூமிக்கடியிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் சற்றுக் குளிர்ந்தே வரும். ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு பெருகும். 10 லிட்டர் பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் மிகுவது சுமார் 200 மில்லி, அதாவது டீக்கடை கிளாஸில் இரண்டு. டேங்கின் தலைமாட்டில் காலியிடம் விட்டு வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த இடத்தை நான் 37 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன்.

போக்கிடம் இல்லாத பெட்ரோல் காற்றுக் குழாயில் ஏறும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிப்படியான வண்டிகளில், ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய டப்பா ஒன்று உண்டு. ஆவி உறிஞ்சப் பிறந்த டப்பா பெட்ரோலையே குடித்துவிட்டால், காற்று கேட்ட எஞ்சினுக்கும் பெட்ரோலே போகும். பிளக் நனையும். நனைந்த பிளக்கில் பொறி வராது.

நிறுத்தத்தில் கூடிய அறிஞர் இருசாரார். பேட்டரி போய்விட்டது என்றது ஒரு கட்சி. ஹாரன் ஊரைக் கூட்டியதால் அக்கட்சி கலைந்தது. சாய்த்து நிமிர்த்தி உதைக்கச் சொன்னது மற்றது. பழைய ஸ்கூட்டர் காலத்து மரபு அது. சாய்த்தேன், வேட்டி நனைந்தது. பீடியோடு குனிந்து பார்க்க வந்த பெரியவரை இரு கட்சியும் ஒருமனதாக விலக்கின.

கடைசியில் மெக்கானிக் தம்பி வந்தான். "உதைக்காதீங்கண்ணே. உதைக்க உதைக்க பெட்ரோல்தான் உள்ள போகும்."

மூடியைத் திறந்து, டியூப் விட்டு, தண்ணி பாட்டிலில் அரை லிட்டர் இறக்கினான். பிளக்கைக் கழற்றிப் பழந்துணியில் துடைத்து, ஊதி, மாட்டினான். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து மூன்றே உதை. கரும்புகை கக்கி வண்டி எழுந்தது.

கூலி எண்பது ரூபாய் என்றான். செல்போனை எடுத்து நூறாக அனுப்பினேன்.