புள்ளி விவரம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடம் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தத்துக்கு நடுவே, படப்பைப் பக்கம் ஒரு பள்ளி. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், எதை வைத்தாலும் பொருந்தும்.

எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் வேண்டும், அதுவும் 2025-க்குள் என்று 2022 ஜூனில் வந்தது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளுக்கு நிலையும் வகுத்தார்கள். நல்ல யோசனைதான். தலைமையாசிரியர் தினம் அரைமணி வகுப்பில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று பார்த்து டீச்சரோடு பேசினாலே பாதி மலர் பூத்துவிடும். அவருக்கோ எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் வருகைப் பதிவு, காலை உணவுக் கணக்கு, சீருடை அளவு, தண்ணீர்த் தொட்டி கழுவிய படம்.

ஒருநாள் துணிந்து இரண்டாம் வகுப்புக்குள் போய்விட்டார். கரும்பலகையில் 'படப்பை'. ஒரு சின்னப் பெண் "ப... ட..." என்று வந்து நின்றாள்.

"சார், இந்தப் புள்ளிய என்ன பண்றது?"

அருமையான கேள்வி. குனிந்தார், வாயைத் திறந்தார். போன் அடித்தது.

"சார், மதியத்துக்குள்ள ஒரு விவரம் வேணும்."

"என்ன விவரம் சார்?"

"இந்த மாசம் எத்தன வகுப்ப பார்வையிட்டீங்க?"

ஓடிப்போய் 'ஒன்று' என்று பதிந்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் அவள் புள்ளியை விரலால் அழித்துவிட்டிருந்தாள். இப்போது தடங்கலே இல்லை: "படபபை!"