சேரன்மகாதேவியில் கேசட்டைத் திருப்புதல்: ஓர் ஆய்வு

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பாபநாசம் போகும் தனியார் பஸ்ஸில் பாட்டு ஏன் அப்படி இனித்தது என்ற கேள்வியை அறிஞர் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஊர் ஆராய்ச்சி எல்லாம் அல்வாவிலேயே வழுக்கி நின்றுவிட்டது. இக்குறையைப் போக்க அடியேன் ஜன்னலோர சீட்டில் பல ஆண்டுகள் களப்பணி ஆற்றினேன். முடிவை ஒரு நூற்பாவாக யாத்திருக்கிறேன்:

விரைதலும் அதிர்தலும் வெட்டித் திருப்பலும்
அழுகை ஒழித்தலும் அந்நான் கென்ப
தொகையிசைப் பேழையின் தோற்றங் காண்போர்.

உரை: தொகையிசைப் பேழையாவது, பல படத்துத் துள்ளல் பாட்டுகளைப் பொறுக்கி, கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட். 'என்ப' என்றமையால் முன்னோர் சொன்னதாகக் கொள்ளற்க. முன்னோர் யாரும் சொல்லவில்லை; 'என்ப' போட்டால்தான் கனம் வருகிறது.

இந்த நான்கையும் வைத்து 2010-களில் வெளிநாட்டு இளைஞர்கள் 'பியூச்சர் பங்க்' என்று ஒரு இசையே நடத்தினார்கள். மரியா தகேயுச்சி 1984-இல் பாடிய 'பிளாஸ்டிக் லவ்' மாதிரியான துள்ளல் ஜப்பானியப் பாட்டை எடுப்பது, வேகத்தைக் கூட்டுவது, பேஸை ஏற்றுவது, பிடித்த துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவது. தென்கொரியாவின் நைட் டெம்போ இதில் பெரிய கை. குரல் கீச்சிடும், கேட்பவனுக்குக் கால் நிற்காது. எனக்கும் பிடிக்கும். ஆனால் நம் பஸ்களில் இது யாரும் மெனக்கெடாமலே நடந்தது.

கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும் என்பது விதி. பதிந்த கடையின் டெக் விதிப்படியும் பஸ்ஸின் டெக் சற்று முறுக்கிக்கொண்டும் ஓடினால் நூற்றுக்கு ஆறு வேகம் கூடும். சுருதி அரைச் சுரம் ஏறிவிடும். 'சகலகலா வல்லவன்' (1982) படத்துப் புத்தாண்டுப் பாட்டை எஸ்.பி.பி. பஸ்ஸுக்குள் மட்டும் மீசை முளைக்காத பையனாகப் பாடியதற்கு இதுவே காரணம். அதிர்தலுக்கு, பின்சீட்டுக்கு மேலே திருகிய ஸ்பீக்கரும் ஆணி தளர்ந்த தகரமும் போதும். வெட்டலோ, நாடா சிக்கும்போது நிகழ்ந்தது. கண்டக்டர் கசங்கிய துண்டைக் கத்தரித்து, இரு நுனியையும் செல்லோ டேப்பால் ஒட்டி, பல்லுள்ள ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றுவார். அதன்பின் பாதிப் பல்லவியிலிருந்து பாட்டு சரணத்துக்குத் தாவும். பத்து நாள் அதைக் கேட்டவனுக்கு, ரேடியோவில் முழுப்பாட்டு வந்தால் அதுதான் பிசகாகப் படும்.

திருப்பல் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதுவே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிஷம். சந்திப்பிலிருந்து சேரன்மகாதேவிக்கு ஏறக்குறைய அவ்வளவே. திருப்பிப் போட்டால் மறுபக்கம் பாபநாசத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் நூற்றுக்கு ஆறு வேகம் கூடினால் 45 நிமிஷம் நாற்பத்திரண்டரைக்குள் முடிந்துவிடும். மிஞ்சும் இரண்டரை நிமிஷ மௌனம் எங்கே விழும்? பத்தமடையில். பாய்க்குப் பேர்போன அந்த ஊரில்தான், அதுவரை இரைச்சலில் அசந்து தூங்கியவர்கள் திடுக்கிட்டு எழுந்து, "என்ன அண்ணாச்சி, பாட்டு நின்னுட்டு?" என்பார்கள். சேரன்மகாதேவியில் இறங்க வேண்டியவர் பையை எடுத்துக்கொள்ள அது போதும்.

அடுத்து காருகுறிச்சி. நாதஸ்வரம் அருணாசலத்தின் ஊரை டிஸ்கோ போட்டுக்கொண்டு கடக்கலாமா என்று தடை எழுப்புவோர் உண்டு. அவரே 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' என்ற சினிமாவுக்கு வாசித்தவர் என்பதால் தடை நில்லாது.

அழுகை ஒழித்தல்தான் நான்கிலும் கடினம். ஒருமுறை இருபது பாட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்த கேசட்டை ஆசையாக டிரைவர் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். விக்கிரமசிங்கபுரம் தாண்டியது. பாபநாசம் அருவிக்குப் போகிற கூட்டம் துண்டும் சோப்புமாக எழுந்து நிற்கிறது. அப்போது நான் எழுதாத இருபத்தோராவது பாட்டு: கதாநாயகி சாகக் கிடக்கிறாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்தச் சவத்த யாருல போடச் சொன்னது?" என்றார். பதிந்த கடையில் போய்க் கேட்டதற்கு, "சைடு கடேசில மூணு நிமிசம் சும்மா கெடந்துச்சு தம்பி. டேப்பு வீணாப் போகக் கூடாதுல்லா?" என்று பதில் வந்தது.

இப்போது பஸ்ஸில் பென் டிரைவ். பாட்டு நிற்பதே இல்லை, பத்தமடையில் யாரும் விழிப்பதும் இல்லை. பியூச்சர் பங்க்காரர்களோ இன்றும் ஆல்பத்தைக் கேசட்டாகப் போட்டு விற்கிறார்கள். ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு எனக்கு ஒரு பழைய பஸ் கேசட் தேவை. பரணில் கிடந்தால் சொல்லி அனுப்புங்கள். நாடா உருவிக் கிடந்தாலும் பரவாயில்லை. பென்சில் என்னிடம் இருக்கிறது.